கோபம் வந்தால் எழுது என்றேன், டைரியையே கிழித்துவிட்டாள்

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மூத்த மகளுக்கு எட்டு வயது, தொடக்கநிலை 2. இளையவனுக்கு ஐந்து, பாலர் பள்ளியில் கே1 படிக்கிறான். இவருக்கு அலுவலக வேலை, கணவருக்கு ஷிஃப்ட். மாமியாரும் உடன் இருக்கிறார். மகள் காலை 5.45-க்கு எழுகிறாள். பள்ளி விட்டதும் மாணவர் பராமரிப்பு நிலையம். மாலை 6.45-க்கு இவர் போய்க் கூட்டி வருகிறார். வீடு வந்த அரை மணி நேரத்துக்குள் ஏதோ ஒன்றுக்கு வெடித்துவிடுகிறாள்: காலுறையைக் கழற்றச் சொன்னதற்கு, தம்பி ரிமோட்டை எடுத்ததற்கு, பெரும்பாலும் வீட்டுப்பாடத்துக்கு. பென்சில் பெட்டி பறக்கிறது, தம்பிக்கு அடி விழுகிறது, பிறகு அரை மணி நேரம் அழுகை. எல்லாம் முடிந்து தூங்கப் பத்தரை ஆகிறது. திங்களும் வியாழனும்தான் மிக மோசம். அன்றுதான் ஆங்கில ஸ்பெல்லிங்கும் தமிழ்ச் சொல்வதெழுதுதலும். ஆறு மாதமாக இப்படி.

இணையத்தில் படித்து இரண்டு வழிகளை முயன்றிருக்கிறார். கைப்பேசிச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டி, இரவில் பத்து நிமிடம் மைண்ட்ஃபுல்னஸ் என்னும் மனக் கவனப் பயிற்சி. மகள் நெளிந்தாள், சிரித்தாள். ஒரு வாரத்தில் அது நின்றுபோனது. கத்தும்போது "மூச்சை நல்லா இழுத்து விடு" என்றால் இன்னும் அதிகமாகக் கத்துகிறாள். அடுத்து 22 வெள்ளிக்குப் பூட்டு வைத்த டைரி, சாவி அம்மாவிடம். கோபம் வந்தால் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது விதி. அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் எழுதச் சொன்னார், பாடத்துக்கும் உதவுமே என்று. எழுத்துப்பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தினார். ஒரு நாள் "ஐ ஹேட் அம்மா" என்ற வரியைப் பார்த்து மனம் உடைந்து, கணவரிடமும் மாமியாரிடமும் காட்டி, மகளையும் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். மறுநாள் டைரி குப்பைத்தொட்டியில் கிழிந்து கிடந்தது. போன வாரம், "நான் செத்துப்போனா உங்களுக்கு நிம்மதி" என்று சொல்லியிருக்கிறாள்.

மாமியார் பிரம்பை எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். கணவர் மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம் என்கிறார். போனால் அது பதிவில் ஏறிக் காலத்துக்கும் கூடவே வருமோ என்று இவருக்குப் பயம். எங்கே தவறினேன், மறுபடி எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் கோபத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். நான் அடிக்கோடிட்டவை வேறு மூன்று இடங்கள்: அவள் செத்துப்போவதைப் பற்றிச் சொன்னது, பத்தரை மணி, திங்கள்–வியாழன். மூச்சுப் பயிற்சியும் டைரியும் இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் அந்த வாக்கியம்

எட்டு வயதில் "செத்துப்போனா" என்று சொல்லும் பிள்ளைகளில் பலர், "எனக்குத் தாங்கவில்லை" என்பதற்கு வேறு சொல் இல்லாமல்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்காக அதைக் கடந்து போய்விடக் கூடாது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. நேரடியாகக் கேட்டால் பிள்ளைக்குப் பாரம் குறைகிறது.

அவள் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் கேளுங்கள்: "அன்னைக்குச் செத்துப்போனான்னு சொன்னியே, நிஜமாவே அப்படித் தோணுதா? எப்பல்லாம் தோணுது? ஏதாவது செஞ்சுக்கணும்னு நினைச்சியா?" பதில் வரும்வரை காத்திருங்கள். "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். எப்படிச் செய்வது என்று அவள் விவரமாகச் சொன்னாலோ, தன்னையே அடித்துக்கொண்டாலோ, சன்னல் ஓரம் போனாலோ அன்றே உதவி தேவை. மனநலக் கழகத்தின் 6389 2222, தேசிய மனநல உதவி எண் 1771, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 ஆகிய மூன்றும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. உடனடி ஆபத்து என்றால் 995. அடுக்குமாடி வீட்டில் சன்னல் கம்பிகளின் பூட்டைச் சரிபார்ப்பதையும் மருந்துகளை எட்டாத இடத்தில் வைப்பதையும் அவள் பதில் எதுவானாலும் இன்றே செய்துவிடுங்கள்.

பத்தரை மணிக் கணக்கு

பத்தரைக்குத் தூங்கி 5.45-க்கு எழுந்தால் ஏழே கால் மணி நேரம். இந்த வயதுக்குத் தேவை 9 முதல் 11 மணி நேரம். குறைந்த அளவான ஒன்பதையே எடுத்துக்கொண்டாலும், தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் கடன். ஐந்து பள்ளி இரவுகளில் அது கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை நீங்கள் கூட்டி வருவது ஒரு முழு இரவுத் தூக்கத்தை இழந்த பிள்ளையை.

தூக்கம் குறைந்த மூளையில் முதலில் தளர்வது அடக்கிக்கொள்ளும் திறன்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். எட்டு வயதில் அது நல்ல நாளிலேயே அரைகுறை. பள்ளியிலும் பராமரிப்பு நிலையத்திலும் பன்னிரண்டு மணி நேரம் கைகட்டி, வரிசையில் நின்று, அடக்கி வைத்ததையெல்லாம் அவள் வீட்டு வாசலில் கொட்டுகிறாள். ஆசிரியரிடம் நல்ல பெயர், வீட்டில் ரகளை என்று நீங்கள் ஆதங்கப்பட்டு எழுதியிருந்தீர்கள். கொட்டினாலும் கைவிட மாட்டார்கள் என்று அவள் நம்பும் இடம் உங்கள் வீடு என்பதால்தான் அங்கே கொட்டுகிறாள்.

ஆகவே எந்தப் பயிற்சிக்கும் முன் தூக்க நேரத்தை முன்னுக்கு இழுங்கள். ஒரே நாளில் எட்டே முக்காலுக்குப் படு என்றால் விழித்துக்கொண்டு கிடப்பாள். அது இன்னொரு சண்டை. மூன்று நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். மூன்று வாரத்தில் எட்டே முக்கால் வந்துவிடும். இதற்கு இடம் கிடைக்க வேண்டுமென்றால் மாலையில் ஒன்றை வெட்டித்தான் ஆக வேண்டும். நான் வெட்டச் சொல்வது வீட்டுப்பாடத்தை. பராமரிப்பு நிலையத்தில் முடிந்த அளவு போதும் என்று அங்கே பேசி வையுங்கள். மீதியை, "இன்று முடியவில்லை" என்ற ஒரு வரிக் குறிப்போடு ஆசிரியருக்கு அனுப்புங்கள். 2019 முதல் தொடக்கநிலை 1, 2-இல் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வே கிடையாது. வாராந்தர ஸ்பெல்லிங்கில் பத்துக்கு நான்கு வாங்கினால் அவளுடைய எதிர்காலம் ஒன்றும் ஆகிவிடாது.

வீடு வந்ததும் முதல் இருபது நிமிடம் கேள்வியே வேண்டாம். "இன்னைக்கு என்ன நடந்தது, ஸ்பெல்லிங்ல எத்தனை" எதுவும் வேண்டாம். ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் அல்லது மைலோ, தரையில் உருள ஓர் இடம். பசியும் களைப்பும் சேர்ந்து நிற்கிற பிள்ளைக்குக் காலுறையே போதும் வெடிக்க.

திங்களும் வியாழனும்

கோபம் குறிப்பிட்ட இரண்டு நாளைத் தேர்ந்தெடுத்து வருகிறது என்றால், அதற்குள் வேறொன்று ஒளிந்திருக்கிறது. நம் பழந்தமிழ் இலக்கணம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வெகுளி என்பது கோபம். இளிவரல் என்பது மற்றவர் முன் சிறுத்துப்போகும் உணர்வு. உங்கள் மகளிடம் நீங்கள் பார்ப்பது வெகுளி. அடியில் இருப்பது இளிவரலாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "பி-யையும் டி-யையும் இன்னும் மாற்றி எழுதுகிறாள், கவனமே இல்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது கவனக்குறைவாக இல்லாமலும் இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள்: வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கிறாள்? டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தனி உதவி வகுப்பு இருக்கிறது. இப்போது கேட்டுவைத்தால் அடுத்த ஆண்டுக்குள் வழி பிறக்கும். கண், காது பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

மூச்சுப் பயிற்சி ஏன் பலிக்கவில்லை

மூன்று காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, நேரம். நீச்சலை யாரும் மூழ்கும்போது கற்றுக்கொடுப்பதில்லை. கத்திக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் புதிய வித்தை ஏறாது. அந்த நேரத்தில் "மூச்சை இழு" என்பது அவள் காதில் "வாயை மூடு" என்றுதான் விழும். அமைதியான நேரத்தில் பலமுறை பழகியது மட்டுமே புயலில் கைகொடுக்கும். இரண்டாவது, அளவு. பத்து நிமிடம் பெரியவர்களுக்கே அதிகம். எட்டு வயதுக்கு இரண்டு மூன்று நிமிடம், ஐந்து வயதுக்கு ஒரு நிமிடம் போதும். மூன்றாவது, முறை. "நல்லா இழு" என்றால் பிள்ளைகள் தோளைத் தூக்கி, வாயால் காற்றை அள்ளி, அடக்கிப் பிடிப்பார்கள். அதில் தலை சுற்றும், படபடப்பு கூடும். இதயத் துடிப்பைத் தணிப்பது நீண்டு வெளியே போகும் மூச்சு. சொல்லிக்கொடுக்க வேண்டியது ஊதுவதைத்தான்.

சூடான மைலோ குவளை கையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கால் மூன்று எண்ணும்வரை வாசம் பிடி. உதட்டைக் குவித்து ஐந்து எண்ணும்வரை ஊது, மைலோ சிந்தாமல். ஐந்து முறை. அவ்வளவுதான். சோப்புக் குமிழி விடுவதும் இதே பயிற்சி: வேகமாக ஊதினால் சின்னச் சின்னதாகச் சிதறும், மெதுவாக ஊதினால்தான் ஒரே பெரிய குமிழி வரும். கீழ்த்தளத்தில் தம்பியும் சேர்ந்துகொள்ளலாம். படுக்கையில் வயிற்றின் மேல் பொம்மையை வைத்து, அது பத்து முறை ஏறி இறங்குவதைப் பார்ப்பது இன்னொன்று.

உங்கள் மகளைப் போல உடல் துறுதுறுக்கும் பிள்ளைக்குச் சும்மா உட்காருவதே தண்டனையாகத் தோன்றும். அவளுக்கு முதலில் தசையைத் தாருங்கள், பிறகு மூச்சு. சுவரைத் தள்ளிச் சாய்ப்பதுபோல இரு உள்ளங்கைகளாலும் பத்து நொடி அழுத்து, விடு, மூன்று முறை. அல்லது இரண்டு கையிலும் எலுமிச்சம்பழம் இருப்பதாக ஐந்து நொடி பிழி, பொத்தென்று விடு. கை கனமாகி இளகுவதை அவளே உணர்வாள். "இப்ப கை எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி, அதுதான் மைண்ட்ஃபுல்னஸ். உடலுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று கவனிப்பதுதான் அந்தப் பெரிய பெயருக்குப் பொருள். மனத்தைக் காலியாக்குவதோ கோபமே வராமல் செய்வதோ அதன் வேலை இல்லை. மெய்ப்பாடு என்ற சொல்லிலேயே மெய் இருக்கிறது: காது சூடாவது, பல் கடிப்பது, வயிறு முறுக்குவது. இவற்றை முன்கூட்டியே கண்டுகொள்ளும் பிள்ளைக்குப் பென்சில் பெட்டியைத் தூக்குமுன் இரண்டு நொடி கிடைக்கிறது.

தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம். காலையில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, "மூணு சத்தம் கண்டுபிடிப்போம்" என்று விளையாடுங்கள்: குயில், எல்ஆர்டி, பக்கத்து வீட்டுக் குக்கர். பல் துலக்குவதுபோல தினமும் கொஞ்சம்.

குலுக்கிவிட்டு, தூள் மெல்லப் படிவதைப் பார்த்துப் பிள்ளை அடங்குவதற்கான மினுமினுப்புப் புட்டி செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் கண்ணாடிப் புட்டி வேண்டாம். உங்கள் வீட்டில் அது பறக்கும். 350 மில்லி பிளாஸ்டிக் போத்தலில் முக்கால் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி தெளிந்த பசை, ஒரு தேக்கரண்டி மினுமினுப்புத் தூள். மூடியைச் சூப்பர் குளூவால் ஒட்டிவிடுங்கள். குலுக்கினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் படிய வேண்டும். சட்டென்று படிந்தால் பசையைக் கூட்டுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் சுழன்றால் பிள்ளை எழுந்து போய்விடும், தண்ணீரைக் கூட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். பலர் ஒட்டிவிட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 11 முதல் 13 வயது வரையிலான 8,000-க்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2022-இல் வந்தன. பள்ளியில் எல்லாருக்கும் பொதுவாக நடத்திய மைண்ட்ஃபுல்னஸ் பாடம், வழக்கமான சமூக, உணர்வுக் கல்வியைவிட அதிகப் பலன் தரவில்லை. மாணவர்கள் பலர் வீட்டில் பழகவே இல்லை. செயலிக்குச் சந்தா கட்டிவிட்டால் அது வேலை செய்துவிடும் என்ற நம்பிக்கையைக் கைவிடலாம். உங்கள் மகள் உங்களைப் பார்த்துத்தான் பழகுவாள். "அம்மாவுக்கு இப்ப எரிச்சலா வருது, தோள் இறுகுது, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று அவள் காதுபட நீங்கள் சொல்லி, போய்க் குடித்துவிட்டு வருவது எந்தச் செயலியையும்விட மேல்.

டைரிக்கு என்ன ஆயிற்று

சகோதரி, வருத்தப்படாமல் கேளுங்கள். அந்த டைரி கிழிவதற்கு முன்பே டைரியாக இல்லை. கோபம் வந்தால் எழுத வேண்டும் என்றதும் அது தண்டனை ஆனது. தமிழில் எழுது என்றதும் பாடம் ஆனது. சிவப்பு மை பட்டதும் தேர்வுத்தாள் ஆனது. மூன்று பேர் படித்ததும் சாட்சியம் ஆனது. பூட்டு இருந்தது, சாவி அவளிடம் இல்லை. எழுத்துக்கூட்டலில் தடுமாறும் பிள்ளைக்கு, எழுத்துக்கூட்டலையே மருந்தாகவும் கொடுத்திருக்கிறோம். நல்லதென்று நினைத்துத்தான் செய்தீர்கள், அதில் சந்தேகம் இல்லை.

எழுதினால் மனம் உடனே இலேசாகிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. உணர்வுகளை எழுதுவது பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் இன்னும் கனத்துத்தான் இருந்தது. பலன் மாதங்கள் கழித்துத் தெரிந்தது. அவர்கள் பெரியவர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. சிறு பிள்ளைகளுக்கு உதவுவது உணர்வுக்குப் பெயர் வைப்பது, படம் போடுவது, அதை ஒரு பெரியவர் திருத்தாமல் கேட்பது.

மறுபடி தொடங்கும்போது இப்படிச் செய்யுங்கள். புத்தகக் கடையில் ஓரிரு வெள்ளிக்குக் கிடைக்கும் கோடில்லாத ஏ5 வரைபுத்தகம் போதும். தேதி அச்சிட்டது வேண்டாம். விட்டுப்போன நாள்கள் வெற்றாகக் கிடந்து குற்ற உணர்வைத் தரும். அட்டையை அவளே அலங்கரிக்கட்டும். வாரம் மூன்று நாள், ஐந்து நிமிடம், சண்டை இல்லாத நேரத்தில். கோபித்த நாளில் என்றால், முழுதாக அடங்கி அரை மணி நேரமாவது ஆன பிறகு. மறுநாள் இன்னும் நல்லது. மகிழ்ச்சி, பெருமை, "சும்மா இருந்தேன்" எல்லாமே அதில் வர வேண்டும். இல்லாவிட்டால் அது கோபப் புத்தகம் ஆகிவிடும், தொடவே பிடிக்காது.

முதல் வாரம் எழுத்தே வேண்டாம். ஒரு மனித உருவத்தின் வெளிக்கோட்டை நீங்கள் வரைந்து கொடுங்கள். இன்றைக்கு உடம்பில் எங்கே என்ன இருந்தது என்று அவள் வண்ணம் தீட்டட்டும். காதில் சிவப்பு, வயிற்றில் கறுப்பு என்று வரும். கேட்டால், "இங்க கல்லு இருந்துச்சு" என்பாள். அதை வண்ணத்தின் பக்கத்தில் அவள் சொன்னபடியே எழுதுங்கள். இலக்கணம் திருத்தி, "வயிற்றில் கனமாக இருந்தது" என்று மாற்றாதீர்கள். இரண்டாம் வாரம் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்: உணர்வு எவ்வளவு பெரிது? மூன்றாம் வாரம் ஒரே ஒரு வரி: "அப்போது எனக்குத் தேவைப்பட்டது..." பசி, கட்டிப்பிடித்தல், தனியாக இருத்தல், எது வந்தாலும் சரி. இந்த வரிதான் நீங்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையை உங்களுக்குச் சொல்லித்தரும். இளையவனுக்குப் படம் மட்டும் போதும், அவன் சொல்லச் சொல்ல நீங்களோ பாட்டியோ எழுதுங்கள்.

மொழியை அவள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்து வந்தால் வரட்டும். தமிழை இதில் பயிற்றுவிக்க வேண்டாம், பேச்சில் கொடுங்கள். கடுப்பு, எரிச்சல், ஏமாற்றம், பொறாமை, வெட்கம், ஏக்கம், தவிப்பு என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! "எனக்குக் கடுப்பா இல்ல, ஏமாற்றமா இருக்கு" என்று அவள் ஒரு நாள் பிரித்துச் சொன்னால், அது பத்துக்குப் பத்தைவிடப் பெரியது.

யார் படிக்கலாம் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஓரத்தை மடித்திருந்தால் அம்மா படிக்கலாம், மடிக்காத பக்கத்தை யாரும் தொட மாட்டோம். ஒரே ஒரு விலக்கு, அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்: "யாராவது உன்னைக் காயப்படுத்தினாலோ, உன்னை நீயே காயப்படுத்திக்கணும்னு தோணினாலோ, அம்மாவுக்குத் தெரியணும்." மடித்த பக்கத்துக்குக் கீழே ஒரு வரி பதில் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம். "ஐ ஹேட் அம்மா" என்று மறுபடி வந்தால், "இவ்வளவு கோபம் வந்திருக்கு, சொன்னதுக்கு நன்றி" என்று எழுதக் கை வருமா? கடினம்தான். ஆனால் வெறுப்பை வெறுக்கப்பட்டவரிடமே எழுதிக் காட்டுகிற பிள்ளை இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஒரே சம்பவத்தை அதே சொற்களில் மூன்று நான்கு முறை எழுதி, ஒவ்வொரு முறையும் முகம் இருண்டு எழுந்தால், எழுத்து அவளைச் சுழலில் தள்ளுகிறது என்று பொருள். அப்போது, "அடுத்த தடவை என்ன நடந்தா நல்லா இருக்கும்?" என்று ஒரு படம் போடச் சொல்லுங்கள், அல்லது புத்தகத்தை மூடிவிட்டு விளையாட்டுத் திடலுக்குப் போங்கள்.

வெடிக்கும் நேரத்தில்

முதலில் தம்பியைப் பாட்டியோடு அறைக்குள் அனுப்புங்கள். எறியக்கூடியதை நகர்த்துங்கள். நீங்கள் நிற்காமல் தரையில், எதிரே இல்லாமல் பக்கவாட்டில், ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். ஒரே வாக்கியம்: "ரொம்பக் கோபம் வந்திருக்கு. அம்மா இங்கேயே இருக்கேன். அடிக்க விட மாட்டேன்." பிறகு வாயைத் திறக்காதீர்கள். "ஏன்" என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவளுக்கே தெரியாது. உணர்வுக்குத் தவறான பெயரை வைத்துவிட்டால், "கோபம் இல்ல!" என்று கத்துவாள். நல்லது, சரியான பெயரைத் தேடுகிறாள். அழுகை விம்மலாக மாறும்போது தண்ணீர் கொடுங்கள். சுவர் தள்ளலாமா என்று அப்போது கேட்டுப் பாருங்கள்.

தம்பியை அடித்ததை விட்டுவிடச் சொல்லவில்லை. அடங்கிய பிறகு அவள் சரிசெய்ய வேண்டும்: பனிக்கட்டி எடுத்து வந்து கொடுப்பது, பென்சில்களைப் பொறுக்குவது. கோபப்படலாம், அடிக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியாது. ஒன்றும் தெரிந்து வையுங்கள்: நீங்கள் மாறிய முதல் இரண்டு வாரம் அவள் ரகளை கூடக்கூடும். பழைய அம்மா திரும்பி வருகிறாரா என்று சோதிப்பாள்.

பிரம்பும் பாட்டியும்

மாமியாரோடு வாதாட வேண்டாம். அவர் வளர்த்த காலத்தில் பிரம்பு வேலை செய்ததாக அவர் நினைப்பது பொய்யில்லை. அடித்தால் பிள்ளை அன்றைக்கு அடங்கும். பயத்தில் அடங்கும். அடக்கியதை எங்கே இறக்குவாள்? தன்னைவிடச் சின்னவன் மேல். சிங்கப்பூரில் பெற்றோர் அடிப்பதைச் சட்டம் முழுவதுமாகத் தடை செய்யவில்லை என்றாலும், தழும்பும் காயமும் ஏற்படும் அளவுக்குப் போனால் சிறுவர், இளையர் சட்டத்தின்கீழ் அது துன்புறுத்தல் குற்றமாகலாம். செத்துப்போவதைப் பற்றிப் பேசிய பிள்ளை மேல் இப்போது பிரம்பு படவே கூடாது. இதை உங்கள் கணவர் தம் தாயிடம் சொல்லட்டும். நீங்கள் சொல்வதைவிட எடுபடும்.

பாட்டிக்கு வேறொரு வேலை கொடுங்கள். பூ கட்டத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா? புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் ஐந்து நிமிடம் கையும் கண்ணும் மூச்சும் ஒரே இடத்தில் நிற்கும். செயலியில் கேட்ட மணியோசையைவிட உங்கள் மகளுக்கு அது பிடிக்கலாம். வீடு வந்ததும் அந்த இருபது நிமிடத்தைப் பாட்டியிடமே விட்டுப் பாருங்கள், ஸ்பெல்லிங் பற்றி அவரும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

உதவி தேடுவதும் பதிவும்

உங்கள் கணவர் சொல்வது சரி. எல்லா முயற்சியும் தோற்ற பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாதம், வாரத்தின் பெரும்பாலான நாள்கள், அரை மணி நேர அழுகை, கூடவே அந்த வாக்கியம். இவை போதுமான காரணங்கள். பள்ளி ஆலோசகர் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார், கட்டணம் இல்லை, அவரிடமே தொடங்கலாம். தேவைப்பட்டால் மனநலக் கழகத்தின் ரீச் குழு பள்ளியோடு சேர்ந்து உதவும். மருத்துவரிடம் போவதென்றால் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குப் போங்கள்; அந்தக் கடிதம் இருந்தால்தான் மானியக் கட்டணம். பக்கத்தில் இருக்கும் குடும்பச் சேவை நிலையமும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் குடும்பத்துக்கு உதவுவார்கள். சிண்டாவில் தமிழிலேயே பேசலாம், மாமியாரையும் அழைத்துப் போகலாம். மகள் தானே யாரிடமாவது பேச விரும்பினால், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் நடத்தும் டிங்கிள் ஃபிரண்ட் இருக்கிறது: 1800 2744 788.

பதிவைப் பற்றிய பயம்: ஆலோசகரைச் சந்தித்தது பள்ளி மதிப்பெண் அறிக்கையில் வராது. மருத்துவக் குறிப்புகளை உங்கள் சம்மதம் இல்லாமல் பள்ளி வாங்கிப் பார்க்க முடியாது. ஆலோசகர் இரகசியம் காப்பார். பிள்ளையின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் மற்றவர்களுக்குச் சொல்வார். அந்த விலக்கு உங்கள் மகளின் நன்மைக்குத்தான்.

போவதற்கு முன் இரண்டு வாரம் உங்கள் கைப்பேசி நாட்காட்டியில் நாலு விவரம் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்கு வெடித்தது, அதற்கு ஐந்து நிமிடம் முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாள். "எப்பவும் கத்துறா" என்பதைவிட இந்தத் தாள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

கிழிந்த டைரிக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புதியதைக் கொடுங்கள். நீளமாக வேண்டாம். "உன்னோடதை நான் படிச்சேன், மத்தவங்ககிட்ட காட்டினேன். அது தப்பு. மன்னிச்சிரு. இந்தப் புத்தகம் உனக்கு, எழுதணும்னு இல்ல." சனிக்கிழமை காலை, அவள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு சொல்லுங்கள். அவள் புத்தகத்தை வாங்கி மேசைக்கு அடியில் எறிந்தாலும் எடுத்து வைக்காதீர்கள். அங்கேயே கிடக்கட்டும்.